நாகையா பார்த்து வாங்கிய குக்கர்

அடுப்படிக்குள் காலே வைக்காமல் அடுப்படியை ஆளுகிற ஒரு வகை மனிதர் உண்டு. நான் அவருக்கு வைத்திருக்கிற பெயர், பார்த்து வாங்குகிறவர். நீங்கள் அவரைக் கட்டாயம் கண்டிருப்பீர்கள். பாத்திரக் கடையில் உங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒரு கரண்டியை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விரல் கணுவால் தட்டி, தட்டிய சத்தத்தைக் காதோரம் வைத்துக் கேட்டு, காம்பை லேசாக வளைத்து, வளைந்ததா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, இதிலேயே வேறு தினுசு இருக்கிறதா என்று கடைக்காரரை ஏணியில் ஏற்றி இறக்கி, கடைசியில் "விசாரிச்சுட்டு வாரேன்" என்று கரண்டியை வைத்துவிட்டுப் போனாரே, அவரேதான். கரண்டியைப் பற்றி யாரிடம் விசாரிப்பார்? அது நமக்கு எதற்கு. விசாரிப்பார்.

இவருக்கு உப்பு எந்த டப்பாவில் இருக்கிறதென்று தெரியாது. சீரகத்தையும் சோம்பையும் எதிரெதிரே வைத்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்வார். ஆனால் மிக்சி எத்தனை வாட்டில் இருக்க வேண்டும், தோசைக்கல் எவ்வளவு கனம் இருக்க வேண்டும், இட்லிச் சட்டி மூடியில் ஆவி போகிற ஓட்டை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கேட்கக்கூட வேண்டாம், வழியில் கண்டு ஒரு நிமிஷம் நின்றால் போதும். பஸ்ஸை விட்டுவிடுவீர்கள்.

இவருக்கென்று மூன்று வாசகம் உண்டு. முதலாவது, "எதையும் பாத்துத்தான் வாங்கணும்." இரண்டாவது, "என்னத்துக்கு அவசரம்?" மூன்றாவது, "அதுல ஒரு விசயம் இருக்கு." மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார். அந்த விஷயம் என்ன என்று இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

இது வம்சத்தில் ஓடுகிற சங்கதி. நான் சொல்லப்போகிற நாகையா என் அண்ணன் மகள் வேலுத்தாயைக் கட்டியவர், அந்த வழியில் எனக்கு மருமகன். அவருடைய அப்பா சின்னச்சாமி எங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, அந்த வழியிலும் உறவு. எந்த வழியில் போனாலும் அவர்கள் வீட்டு வாசலில்தான் போய் நிற்பேன். வீடும் எதிர்வீடுதான். அந்தச் சின்னச்சாமி காட்டு வேலையை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக ஒரு சைக்கிள் வாங்க நினைத்தார். சாத்தூரில் விசாரித்தார், விருதுநகரில் விசாரித்தார், மல்லாங்கிணற்றில் சம்பந்தி வீட்டுக்குப் போன இடத்தில் சம்பந்தியை விட்டுவிட்டு அவர் சைக்கிளை விசாரித்தார். ஒன்றரை வருஷம். அத்தனை நாளும் நடந்தே வேலைக்குப் போனார். சைக்கிளை வாங்கி, மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் நசுக்கிய வாரம் ஊருக்குள் கம்பெனி வேன் வர ஆரம்பித்துவிட்டது. அவர் தங்கை சண்முகத்தாய் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாள். நல்ல பையன், நல்ல குடும்பம், ஆனாலும் இன்னும் நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும் என்றாள். அவள் விசாரித்து முடித்து வெற்றிலை மாற்றப் போனபோது, பையன் தன் இரண்டாவது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தான். இப்படிப்பட்ட ரத்தம்.

நாகையா கெட்டவர் இல்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இருபத்தாறு வருஷத்தில் அவர் பார்வையில் இருந்த அறைகளில் ஒரு விரல்கூடப் பொசுங்கியதில்லை. வாசலில் செல்போனை வாங்கி வைப்பதிலிருந்து, சாயங்காலம் கடைசி ஆளாக நின்று ஒவ்வொரு அறையாகப் பார்த்து, மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பது வரைக்கும் எல்லாம் அவர் பொறுப்பு. அதில் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். கம்பெனியிலிருந்து கிளம்பினால் அவருக்குப் பொறுப்பு தீர்ந்துவிட வேண்டும். தீராது. வீட்டுக்கும் கொண்டுவருவார்.

வேலுத்தாய் வேறொரு கம்பெனியில் திரி சொருகுகிறாள். காலை நாலு மணிக்கு எழுந்து காலைக்கும் மத்தியானத்துக்கும் சமைத்து, மூன்று தூக்குச்சட்டியில் அடைத்து, ஆறு பத்துக்கு வேன் ஏறினால் சாயங்காலம் ஆறு பத்துக்கு இறங்குவாள். இறங்கியதும் கையிலும் முடியிலும் ஒட்டிய பட்டாசு மருந்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவி முடித்த ஈரக் கையோடு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. வந்ததும் அதில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடிக்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. உட்கார வேண்டும் என்றாள். அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் வாக்கப்பட்டிருக்கிற மகள் எழில் போனில் இதைக் கேட்டுவிட்டு ஸ்லோ குக்கரைப் பற்றிச் சொன்னாள். விசில் அடிக்கிற குக்கர் இல்லை. கரண்டில் வேலை செய்கிற பீங்கான் சட்டி. காலையில் பயறையோ கறியையோ மசாலாவோடு போட்டு மூடிவிட்டுப் போனால், எட்டு மணி நேரம் சின்னச் சூட்டிலேயே கிடந்து வெந்து, நாம் வரும்போது குழம்பாக நிற்கும். சோறு மட்டும் வடித்தால் போதும். ரெண்டு நாளில் வீட்டுக்கே அனுப்பிவைக்கிறேன் என்று எழில் சொன்னதும், வேலுத்தாய்க்கு முகத்தில் ஒரு வெளிச்சம். எழில் சொன்னது பக்கத்தில் இருந்த நாகையாவின் காதிலும் விழுந்தது. அங்கேதான் கெட்டது.

"நீ ஒண்ணும் அனுப்ப வேண்டாம்த்தா. எதையும் பாத்துத்தான் வாங்கணும். நான் பாத்துக்கிடுதேன்."

இது சித்திரையில் நடந்தது.

மகன் பாண்டிராஜ் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்க்கிறான். ஜூன் மாதம் இரண்டு தடவை சேர்ந்து பைண்டு ஆகிப்போன ஒரு டைரியை அங்கிருந்து கொண்டுவந்திருந்தான். விற்க முடியாத அந்த டைரியில், இரண்டாவது ஜூன் முழுவதையும் ஸ்லோ குக்கருக்கென்று ஒதுக்கினார் நாகையா. ஒன்றரை லிட்டரா, மூன்றரை லிட்டரா, ஆறரை லிட்டரா? மூன்று பேர் வீட்டுக்கு மூன்றரை போதும் என்று கடைக்காரர் சொன்னார். மகன் கல்யாணம் கட்டினால் மருமகள் வருவாள், பேரன் வருவான், எழில் பிள்ளைகளோடு பொங்கலுக்கு வருவாள், அப்போது என்ன செய்வது என்று பிறக்காத பேரனுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார். சட்டி வட்டமா, முட்டை வடிவமா? முட்டை வடிவத்தில் முழுக்கோழி படுக்கும் என்றார்கள். எங்கள் ஊரில் முழுக்கோழியை யார் படுக்கப் போட்டார்கள்? துண்டு போட்டுத்தானே பழக்கம்? அதுல ஒரு விசயம் இருக்கு என்றார்.

விருதுநகரில் ஒரு கடை, சிவகாசியில் இரண்டு கடை, மதுரைக்கு ஒரு துக்கத்துக்குப் போன இடத்தில் ஒரு கடை. துக்கவீட்டிலேயே ஒருவரை ஓரமாக அழைத்து, உங்கள் வீட்டில் இருப்பது என்ன கம்பெனி என்று கேட்டாராம். வைகாசி போனது, ஆனி போனது. ஆடியில் தள்ளுபடி உண்டு, அதுவரை பொறுப்போம் என்றார். ஆடி வந்தது. தள்ளுபடியில் பழைய சரக்கைத்தான் தள்ளுவார்கள், ஆடி கழியட்டும் என்றார். இதற்குள் தீபாவளி சீசன் சூடுபிடித்துவிட்டது. லோடு லோடாகச் சரக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை தவிர லீவு கிடையாது. வேலுத்தாய் கழுவிய ஈரக்கையோடு அடுப்பு முன்னால் நின்றுகொண்டேதான் இருந்தாள். நாற்காலியில் பக்கத்து வீட்டுக் கோழி உட்கார்ந்திருந்தது.

வீட்டில் பிரிட்ஜும் கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷமாக விசாரணையில் இருக்கிறது.

ஆவணி பிறந்து இரண்டாம் வாரம் குக்கர் வந்தது. நாலு மாத ஆராய்ச்சிக்குப் பிறகு நாகையா எதைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? ஓடுகிறதா இல்லையா என்று காட்டுகிற சின்னச் சிவப்பு விளக்கு இல்லாத ஒன்றை. விளக்கு உள்ளது பக்கத்திலேயே இருந்திருக்கிறது, விலையும் ஒன்றுதான். விளக்கு இருந்தால் அது முதலில் கெட்டுப்போகும், கெட்டுப்போனால் மொத்த மிஷினையும் இழுத்துவிடும் என்றார். கடைக்காரருக்கு அழுகை வராத குறை.

தெருவில் நாலு பேர் வந்து பார்த்தோம். வேலுத்தாய்க்கு மட்டும் ஒரு பயம். ஆளில்லாத வீட்டில் பகல் முழுக்கக் கரண்டில் ஒரு சாமான் சூடாகிக்கொண்டே கிடக்கலாமா? பட்டாசு வேலை பார்க்கிற எந்தப் பொம்பளையும் கேட்கிற கேள்விதான். நாகையா சிரித்தார். இதற்குத்தானே இதைக் கண்டுபிடித்திருக்கிறான், நீ கம்பெனியிலேயே உட்கார்ந்து திரி சொருகு, உலகம் எங்கேயோ போய்விட்டது என்றார். கால் மணி நேரம் பேசினார். நானே கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் இந்தச் சாமானின் சூட்சுமம் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அந்த விரலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை. வேலுத்தாய் இரவே ஊறவைத்த கொண்டைக்கடலையைக் கழுவி, வெங்காயம் தக்காளி மசாலாவோடு சட்டியில் போட்டாள். பக்கத்தில் நின்று நாகையா விதிகளை வாசித்தார். தண்ணீர் வழக்கத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் ஆவி வெளியே போகாது. சட்டி பாதிக்குக் குறையவும் கூடாது, முக்காலைத் தாண்டவும் கூடாது. காய் அடியில், கறி மேலே. மூடியைத் திறக்கவே கூடாது, ஒரு தரம் திறந்தால் அரை மணி நேரச் சூடு போய்விடும். திருகை "லோ"வில் வைத்துவிட்டு ஆறு பத்துக்கு அவள் வேன் ஏறினாள். மகன் அதற்கு முன்பே போய்விட்டான். ஆறரைக்கு நாகையா கிளம்பினார்.

எங்கள் பக்கத்தில் கடைசி ஆள் வீட்டைப் பூட்டுவது எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சாமி விளக்கை அமர்த்த வேண்டும். கேஸ் சிலிண்டரை மூட வேண்டும். கதவோரம் இருக்கிற மெயின் சுவிட்சைக் கீழே இறக்க வேண்டும். பிறகு பூட்டி, மூன்று தரம் இழுத்துப் பார்க்க வேண்டும். கம்பெனியில் படித்த பாடம், வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் பட்டாசு வேலையை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது, இன்றைக்கும் டீ குடிக்கப் போனால்கூட மெயினை இறக்கிவிட்டுத்தான் போகிறேன். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும். நாகையாவின் கையும் போனது. கால் மணி நேரம் ஆட்டி ஆட்டிப் பேசிய அதே விரல்.

சாயங்காலம் ஐந்தரைக்கு முதலில் வீடு வருகிறவரும் அவரே. பூட்டைத் திறந்ததும் கை மேலே போய் மெயினை ஏற்றிவிடும். காலையில் இறக்கியதும் தலைக்குத் தெரியாது, மாலையில் ஏற்றியதும் தலைக்குத் தெரியாது. ஆறேகாலுக்கு வேலுத்தாய் வந்து மூடியைத் திறக்கும்போது, முக்கால் மணி நேரம் கரண்டு வாங்கிய சட்டி இளஞ்சூடாக இருந்தது. மிஷின் வேலை செய்கிறது, சந்தேகமே இல்லை. கடலை மட்டும் கல்லாக இருந்தது.

அப்படியானால் தப்பு யார்மேல்? பார்த்து வாங்குகிறவரின் வீட்டில் சாமான் தப்புச் செய்யாது. அவர் அல்லவா பார்த்து வாங்கியிருக்கிறார்.

"நீ மூடியத் தெறந்திருக்க."

"நான் கம்பெனில இருந்தேன். அங்கனருந்து எப்படித் தெறக்க?"

"போகும்போது தெறந்திருப்ப. ஒனக்குப் பொறுமை கெடையாது."

அன்றைக்கு அவள் அந்தக் கடலையை மறுபடி கேஸ் அடுப்பில் ஏற்றி, விசில் விட்டு, சோறு பொங்கி, எட்டரைக்குப் பரிமாறினாள். செவ்வாய்க்கிழமை மொச்சை. தண்ணீர் கூடிப்போச்சு என்றார். புதன்கிழமை அரைக்கிலோ ஆட்டுக்கறி. திறந்ததும் வீடு முழுக்க வாடை. கறியைக் கழுவத் தெரியவில்லை என்றார். தெருக்கோடி நாய் மூன்று தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாய்வைத்தது. வியாழக்கிழமை தட்டப்பயறு. இன்றைக்குத் தண்ணீர் குறைஞ்சுபோச்சு என்றார். ஒவ்வொரு நாளும் இரண்டாவது ஜூனில் ஒரு விதி ஏறியது. விதி பதினொன்று ஆனபோது பாண்டிராஜ் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, வேலை முடிந்து வரும் வழியிலேயே பரோட்டாவை முடித்துக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, "ஏண்ணே, இது ஆக்குற சட்டியா, ஊறப்போடுற சட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு சாமான் வாங்குவதற்கு முன்னால் வேலுத்தாய்க்குச் சாயங்காலம் ஒரு வேலை. வாங்கிய பிறகு இரண்டு. சமைப்பது ஒன்று, திட்டு வாங்குவது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. யாரும் வீட்டைப் பூட்டவில்லை, ஆகவே எந்தக் கையும் எங்கேயும் போகவில்லை. நாட்டுக்கோழி. நாகையா பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். அந்தச் சிவப்பு நாற்காலிதான், வேறெது? சாயங்காலம் திறந்தால் எலும்பை விட்டுக் கறி கழன்று நின்றது. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது. நாகையா தெருவில் நின்று பேசினார். சாமான் அப்படியேதான் இருக்கிறது, சட்டி அதேதான், கரண்டு அதேதான், இன்றைக்கு மட்டும் எப்படி வெந்தது? நான் பக்கத்தில் இருந்தேன், வெந்தது என்றார்.

 அடுத்து வந்த திங்களும் செவ்வாயும் வேகவில்லை. அவர் பக்கத்தில் இல்லை. ஆக நிரூபணமும் ஆகிவிட்டது.

புதன்கிழமை வேலுத்தாய் கண்ணாடியை மறந்துவிட்டாள். கண்ணாடி இல்லாமல் திரி சொருக முடியாது. அவள் ஏறுகிற வேன் இரண்டு ஊர் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு, மறுபடி எங்கள் ஊர் முக்கு வழியாகத்தான் சிவகாசி ரோட்டுக்குப் போகும். முக்கில் டிரைவரைக் கெஞ்சி நிறுத்தி, ஓடிவந்து, தன்னிடம் இருந்த சாவியால் திறந்தாள். உள்ளறை இருட்டு. சுவிட்சைப் போட்டால் லைட் எரியவில்லை. கரண்டு இல்லையோ என்று நினைத்தாள். எதிர்வீட்டில் என் டிவி கத்திக்கொண்டிருந்தது. திரும்பி மேலே பார்த்தாள். மெயின் இறங்கிக் கிடந்தது.

சட்டியைத் தொட்டுப் பார்த்தாளாம். பொணம் மாதிரி குளிர்ந்திருந்துச்சு சின்னையா என்று பிறகு என்னிடம் சொன்னாள்.  வேன்காரர் ஹாரன் அடிக்கவும், மெயினை ஏற்றிவிட்டு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு, பூட்டிவிட்டு ஓடினாள்.

அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கோபம் இல்லையாம், சிரிப்புதான். இன்றைக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும், இரண்டுபேரும் சேர்ந்து சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே திரி சொருகியிருக்கிறாள். பாவம், இருபத்தெட்டு வருஷம் ஒருவரோடு குடும்பம் நடத்திய பிறகும் இப்படி நினைக்கிறவள்.

ஐந்தரைக்கு வந்த நாகையாவின் கை, மெயின் ஏற்கெனவே ஏறிக் கிடந்ததையும் தலைக்குச் சொல்லவில்லை. ஆறேகாலுக்கு அவள் வந்தபோது அவர் சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார். மொச்சைக் குழம்பு பஞ்சாக வெந்து எண்ணெய் மிதக்க இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பொன்னுத்தங்கம், வாசலில் நான், தெருவில் தண்ணீர்க் குடத்தோடு இரண்டு பேர்.

"பாத்தீகளா மாமா," என்றார் என்னிடம். "பதினோரு விதி சொன்னேன். இன்னைக்குத்தான் ஒண்ணாவது மண்டைல ஏறியிருக்கு."

வேலுத்தாய், "இந்தா, நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"நீ என்னத்தச் சொல்லப் போற? ஒங்க அம்மா வீட்லயும் இதே கததான். கல்லு வெந்தாலும் வேகும், அவுக வச்ச கறி வேகாது. சொல்லுதத வாயப் பொத்திக்கிட்டுக் கேட்டாப் போதும்."

அவளுடைய அம்மா என்றால் என் மதினி. நாற்பது பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைத்தவள், போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். தெருவில் நின்ற இரண்டு பேரும் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டார்கள். நான் செருப்பைப் பார்த்தேன். வேலுத்தாயின் முகத்தில் சொல்ல வந்தது அப்படியே ஒரு நொடி நின்றது. பிறகு அதை உள்ளே இழுத்துக்கொண்டாள். எப்படி இழுத்துக்கொண்டாள் என்பதை நான் பார்த்தேன். சிரித்த முகமாகத்தான் பேசினாள்.

"நீங்க சொல்லுதது சரிதான். எனக்குக் கை வரல. ஞாயித்துக்கெழம நீங்க நின்னீக, வெந்துச்சு. இது ஒங்க கைக்குத்தான் கட்டுப்படுது. நாளையிலருந்து நீங்களே போடுங்க."

தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி தன்னைப் புகழ்ந்தால் யார்தான் மாட்டேன் என்பார்? அதிலும் பார்த்து வாங்குகிறவர்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சரி என்றார். வேகாவிட்டால் என்ன செய்வது என்று பொன்னுத்தங்கம் வேலிக்கு மேலிருந்து கேட்டாள். அந்தப் பொம்பளைக்கு எப்படித்தான் நேரத்துக்குக் கேள்வி வருகிறதோ.

"போட்டது நானு. வேகலைன்னா அடுப்புல ஏத்தி எறக்குறதும் நானு," என்றார் நாகையா. நாலு பேர் சாட்சி.

வியாழக்கிழமை காலை நாலே முக்காலுக்கு எதிர்வீட்டு அடுப்படியில் ஆம்பளை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வெங்காயம். கடலையைக் கழுவினார், அளந்து தண்ணீர் ஊற்றினார், பதினோரு விதியையும் தனக்குத் தானே வாசித்துக்கொண்டார். வேலுத்தாய் வேன் ஏறினாள். ஆறரைக்கு அவர் சாமி விளக்கை அமர்த்தினார், சிலிண்டரை மூடினார். கை தானாகக் கதவோரம் போனது.

சாயங்காலம் ஆறேகால். மூடி திறந்தது. கடலை ஊறியிருந்தது, மிக நன்றாக ஊறியிருந்தது. வேலுத்தாய் கையையும் முடியையும் நிதானமாகத் தேய்த்துக் கழுவினாள். நாற்காலியில் இருந்த கோழியை விரட்டினாள். உட்கார்ந்தாள். பொன்னுத்தங்கம் வேலிக்கு மேலாக ஒரு டம்ளர் டீயை நீட்டினாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மஞ்சப்பொடி எங்கன இருக்கு?"

"நீல மூடி."

"நீல மூடி ரெண்டு இருக்கே."

"மோந்து பாருங்க."

தும்மல் கேட்டது. அது மிளகாய்ப்பொடி.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. நாகையா தளர்ந்துவிடுவார் என்று நினைக்கிறீர்களா? இந்த வகை மனிதரை உங்களுக்குத் தெரியவில்லை. தளர்ந்தால் பார்த்து வாங்கியது தப்பு என்று ஆகிவிடாதா? கடலை இந்த வருஷ மழையில்லாக் கடலை என்றார். கறி மறுபடி வாடை அடித்த அன்றைக்குக் கறிக்கடைக்கே போய், ஆட்டுக்கு ஆறு வயசு இருக்கும் என்று சண்டை பிடித்தார். கடைக்காரர் அந்த ஆட்டின் அம்மாவையே கொண்டுவந்து காட்டினாராம். ஊர்த் தண்ணீரில் உப்பு கூடுதல் என்று வெம்பக்கோட்டையிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேகிறது, ஆகவே தன் கையில் குறையில்லை, கிழமையில்தான் ஏதோ இருக்கிறது என்கிற இடத்துக்கு இப்போது வந்து நிற்கிறார். விதி பத்தொன்பது. இரண்டாவது ஜூன் தீர்ந்து ஜூலைக்குள் போய்விட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் சாயங்காலம் கேஸ் அடுப்பு முன்னால் நின்று நின்று அவருக்குக் கை வந்துவிட்டது. அவர் வைக்கிற ரசம் இப்போது வேலுத்தாய் வைப்பதைவிட ஒரு பிடி நன்றாக இருக்கிறது. பாண்டிராஜ் பரோட்டாவை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறான். வாயைத் திறக்காமல் இருப்பதற்காக எனக்கும் தினம் ஒரு கிண்ணம் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வேலுத்தாயிடம் கேட்டேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மெயின் சங்கதியைச் சொல்லிவிடலாமா, மனுஷன் பாவம், காலையில் வெங்காயத்தோடு அழுகிறாரே என்றேன்.

"சீசன் முடியட்டும் சின்னையா."

"அதுக்குள்ள அவரே கண்டுபிடிச்சிட்டா?"

"எப்படிக் கண்டுபிடிப்பாக? வீட்டுக்கு பிரிட்ஜ் வந்தாத்தான் மெயின எறக்க முடியாது." டீயை ஒரு மிடறு குடித்தாள். "அத அவுக விசாரிச்சுக்கிட்டுத்தான இருக்காக."

இதைப் படித்துவிட்டு, நாம் அந்த ஆள் இல்லை என்று நீங்கள் கண்ணாடியில் தலைசீவிக்கொள்வீர்கள். சந்தோஷம். ஆனாலும் நாளைக் காலை வீட்டைப் பூட்டும்போது உங்கள் வலது கை எங்கே போகிறது என்று ஒருமுறை பாருங்கள். அதற்கும் முன்னால், வீட்டில் யாராவது "நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, நீங்கள் குறுக்கே பேசவும் சிரித்த முகமாக நிறுத்திக்கொண்டது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லையா? அப்படியானால் விட்டுவிடுங்கள். ரசத்துக்குப் புளியைக் கரைத்துவைத்துவிட்டு வேலைக்குப் போங்கள்.